சொன்னபடி வராத படி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

மாடியில் நான் நலம். கீழே தங்கள் தங்கையும் நலம் என்பது, அவள் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கும் சத்தத்திலிருந்து தெரிகிறது. அங்கே தாங்களும் குடும்பத்தாரும் ஒரே தளத்தில் ஒற்றுமையாக வாழ்ந்துவருவீர்கள் என நம்புகிறேன். அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கைப்பேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே நான் தும்மினால்கூட ஹாலிலிருந்து "தண்ணி குடிங்க" என்று குரல் வருகிறது. நடுவே அவ்வளவு பெரிய ஓட்டை. ஆகவே எழுதுகிறேன். உறையை நன்றாக ஒட்டித்தான் கூடையில் இறக்குவேன்.

எங்கள் மாடிப்படியை மாற்றலாமா என்று பேச்சு எழுந்தபோது, "என் வீட்டு வேலையெல்லாம் செஞ்சவர், தங்கமான மனுஷன், கண்ணை மூடிக்கிட்டு வேலையைக் கொடுங்க மாப்பிள்ளே" என்று ஒரு காண்ட்ராக்டரைத் தாங்கள்தான் அனுப்பிவைத்தீர்கள். நானும் கண்ணை மூடினேன். திறந்தபோது படியைக் காணோம். இது உவமை இல்லை மச்சான், நடந்தது.

அந்தத் தங்கமான மனுஷன் முதல் நாள் வந்து பழைய படியை ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, கடைசிப் படியில் உட்கார்ந்து, நோயாளியின் உறவினர்களை வெளியே வரச்சொல்லும் டாக்டர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். "எப்படி சார் இத்தனை வருஷம் இதுல ஏறி இறங்குனீங்க? நினைச்சாலே எனக்கு ஈரக்குலை நடுங்குது" என்றார். பணிக்காலம் முழுவதும் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்த எனக்கு, ஓய்வுபெற்ற பிறகு ஆபத்தைப் பற்றி அக்கறையோடு பேசிய முதல் ஆள் அவர்தான். கண் கலங்கிவிட்டது. ஒரே வாரத்தில் அகலமான, சரிவு குறைந்த, கைப்பிடி வைத்த புதுப் படி என்றார். சரி என்றேன். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல மாடியில் படுத்தேன். கனவில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் கூரை இடிந்து விழுகிறது, நான் யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறேன். அதட்டி முடித்துக் காபி குடிக்கலாம் என்று எழுந்து வந்து காலை எடுத்து வைக்கப்போனால், கீழே வெறும் காற்று. பார்த்துக் கால் வைக்கிற பழக்கம் இருந்ததால் தங்கள் தங்கை இன்று சுமங்கலி. புழுதிக்கு நடுவே அவளும் காண்ட்ராக்டரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயையோ, சார் மேலயா இருந்தீங்க? அம்மா நீங்க வெளியே போயிருக்கறதா சொன்னாங்களே!"

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்? அவர் சத்தத்தையே காணோம்னுதான் சொன்னேன்" என்றாள் இவள்.

உடனே ஓர் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். நான் மேலிருந்தபடியே அதை ஆய்வு செய்தேன். ஒரு கால் குட்டை, இரண்டு கட்டைகளில் விரிசல், அடியில் ரப்பர் இல்லை. இறங்க மாட்டேன் என்றேன். "எல்லா ஏணிக்கும் ஒரு குறை இருக்கத்தான் சார் செய்யும், மனுஷங்களுக்கு இல்லையா?" என்றார். ஏணியில் இறங்குவது எப்படி என்று ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு வகுப்பெடுத்தவன் நான். அந்த வகுப்பின் முதல் வாக்கியமே, சந்தேகம் இருந்தால் இறங்காதே என்பதுதான். என் சொல்லை நானே மீறினால் அத்தனை பேரும் என்ன நினைப்பார்கள்? "ஒப்பந்தப்படி, படி வழியாகத்தான் இறங்குவேன்" என்று சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த தங்கள் தங்கை, "அவர் சொன்னா சொன்னதுதான்" என்று காண்ட்ராக்டரிடம் சொன்னாள். இத்தனை வருட இல்லறத்தில் அவள் என் பக்கம் நின்று பேசியது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து கூடைதான். மாடியில் படுக்கையறை, குளியலறை, பால்கனி எல்லாம் இருப்பதால் வாழ்வதற்குக் குறையில்லை. சாப்பாடு கூடையில் ஏறும், எச்சில் தட்டு கூடையில் இறங்கும். ஏற்றுவதற்கு முன் "சுமை வருகிறது" என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதிமுறை வகுத்தேன். "இட்லிப் பானையைத் திறக்கறப்ப ஆவி வருதுன்னு சொல்லணும், பிரிட்ஜைத் திறக்கறப்ப குளிர் வருதுன்னு சொல்லணும், இப்ப இதுவேறயா?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் கயிற்றை ஓர் ஆட்டு ஆட்டினாள். காபி பாதி சிந்தியது. விதிமுறை என்பதே விபத்திலிருந்துதான் பிறக்கிறது என்று மேலிருந்து எடுத்துச் சொன்னேன். கீழே ஆள் இல்லை.

ஒரு வாரம் போயிற்று. படி வரவில்லை. காண்ட்ராக்டரை ஓட்டைக்கு நேர் கீழே நிற்கவைத்துக் கேட்டேன்.

"மரம் இன்னும் காயலை சார். ஈர மரத்துல படி செஞ்சா வெயில் காலத்துல சுருங்கிடும். நீங்க இறங்கி வந்து பாதியில நிப்பீங்க."

"அப்படின்னா காஞ்ச மரமா வாங்குங்க."

"காஞ்ச மரம் மழைக்காலத்துல உப்பும் சார். படி தரைக்குள்ள போயிடும்."

"அப்ப எந்த மரத்துலதான்யா செய்யறது?"

"அதைத்தான் சார் நானும் ராப்பகலா யோசிக்கிறேன்" என்று சொல்லி, தங்கள் தங்கை கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு யோசிக்கப் போய்விட்டார். அடுத்த வாரம் தச்சருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்து, இடுப்பைப் பார்க்க வந்த தச்சரின் தம்பிக்கும் பிடித்துக்கொண்டது. நானும் விடாமல் தினமும் ஓட்டை விளிம்பில் நின்று வார்த்தைகளை மழையாகப் பொழிந்தேன். ஒருநாள் காண்ட்ராக்டர் கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தினமும் அண்ணாந்து பார்த்துத் திட்டு வாங்கியதில் கழுத்து பிசகிவிட்டதாம், இனி மேலே பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். முகம் பார்க்காதவனை எப்படித் திட்டுவது மச்சான்? உச்சந்தலையைத் திட்டினால் உறைக்குமா? எனவே தங்கள் தங்கை நடுவில் நின்று, நான் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை எனக்கும் சொல்ல ஏற்பாடாயிற்று.

"மோசடிப் பேர்வழின்னு சொல்லு!" என்றேன்.

"உங்களை ரொம்ப நம்பி இருக்கறதா சொல்றார்" என்றாள்.

"ஏய், நான் அப்படியா சொன்னேன்?"

"நம்பினவங்கதானே மோசம் போகமுடியும்? அர்த்தம் ஒண்ணுதான்."

காண்ட்ராக்டர் தரையைப் பார்த்தபடி நெடுநேரம் முணுமுணுத்தார். அவள் நிமிர்ந்து, "சீக்கிரம் முடிச்சுடறாராம்" என்றாள்.

"அவ்வளவு நேரம் பேசினானே, அவ்வளவுதானா?"

"மீதியெல்லாம் கழுத்து வலியைப் பத்தி. உங்களுக்கு எதுக்கு?"

பொறுத்தது போதும் என்று உண்ணாவிரதம் அறிவித்தேன். கூடையை மேலே இழுத்து வைத்துக்கொண்டு, படி வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்றேன். அவள் பதறுவாள், காண்ட்ராக்டருக்கு ஆள் அனுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். "நிஜமாவா? அப்ப இன்னிக்கு நான் சமைக்க வேண்டாம்ல?" என்று கேட்டுவிட்டு, எதிர்வீட்டு அம்மாளோடு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டாள். பார்க்க ஆளில்லாத உண்ணாவிரதம் வெறும் பட்டினிதான் என்பது மூன்றாவது மணி நேரத்தில் புரிந்தது. அவள் திரும்பி வருவதற்குள் கூடை தானாகவே கீழே இறங்கித் தயாராக இருந்தது. அவள் காலையில் மிஞ்சிய ஆறிய இட்லியை அதில் வைத்தாள். அதுதான் அதிகமாகச் சுட்டது.

இப்போது கதையின் உச்சத்துக்கு வருகிறேன். போன மாதம் வீட்டுக்கு வெளியே திடீரென்று சாரம் கட்டினார்கள். பால்கனி வழியாக மரமும் ஆணியும் ஆட்களும் ஏறிவந்தார்கள். நான் அவர்களைக் கட்டிப்பிடிக்காத குறை. சாரத்தில் என்னையும் இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள், அதில் கைப்பிடி இல்லாததால் மறுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷமாகச் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாலையில் கதவைத் திறந்தால், அருமையான படி. அகலம், சரிவு, கைப்பிடி எல்லாம் நான் கேட்ட மாதிரியே. ஆனால் அது கீழே போகவில்லை மச்சான்! என் தளத்தின் கூரையைத் திறந்து, மொட்டை மாடிக்கு ஏறுகிறது! "வரைபடத்தைத் தலைகீழாப் பிடிச்சுட்டாங்க சார், பசங்க புதுசு" என்று கீழே தரையிடம் மன்னிப்புக் கேட்கிறார் காண்ட்ராக்டர். ஆக, இன்றைய நிலவரப்படி நான் இன்னும் மேலே போகலாம். கீழேதான் வரமுடியாது. என் வயதில் ஒருவன் மேலே போவதற்கு மட்டும் வழி செய்து கொடுத்திருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தாங்களே சொல்லுங்கள்.

கோபத்தில் எழுதுகிறேனே தவிர, நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலையில் நான் ஓட்டையோரம் கயிறு கட்டி (இரட்டை முடிச்சு) நாற்காலி போட்டு உட்காருகிறேன். அவள் கீழே உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். கத்தி பிடிக்கும் விதம் தவறு என்று இங்கிருந்து சொல்ல முடியாது, சரியாகத் தெரியவில்லை. அதனால் வேறு எதையாவது பேச வேண்டியிருக்கிறது. அவளுடைய உச்சந்தலையை இத்தனை வருடத்தில் நான் மேலிருந்து பார்த்ததே இல்லை. வகிட்டோரம் முழுக்க நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது என்று கேட்டேன். கத்தியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். இப்போதெல்லாம் நிறையச் சிரிக்கிறாள். பாட்டு, எதிர்வீட்டு அம்மாளோடு அரட்டை, சாப்பாட்டு மேஜையைக்கூட ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறாள். என் நாற்காலி எங்கே என்று தெரியவில்லை. நான் பார்க்கக்கூடிய சதுரத்துக்குள் அது இல்லை. என்னைப் பிரிந்த துக்கத்தை இப்படியெல்லாம் மறைக்கிறாள் போலிருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் இல்லாமல் கீழே எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது மச்சான். ஒரு விபத்துகூட இல்லை.

ஆகையால் இக்கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, தாங்கள் அனுப்பிய தங்கத்தைத் தாங்களே உரசிப் பார்க்க வேண்டும். சட்டைக் காலரைப் பிடித்துக் கேட்க முடியாது, கழுத்தில் பட்டை இருக்கிறது. கையைப் பிடித்துக் கேளுங்கள். தங்கள் சொல்லுக்கு அவர் கட்டுப்படுவார். தங்கள் தங்கையும் கட்டுப்படுவாள். இருவரும் என் சொல்லுக்குக் கட்டுப்படுகிற கட்டம் தாண்டிவிட்டது.

தங்கள் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், உறுதியான கைப்பிடிகளோடும், ஏறியவர் இறங்கவும் இறங்கியவர் ஏறவும் தடையின்றி வாழ்க என மேலிருந்து வாழ்த்தும்,

தங்கள் அன்பு மைத்துனன்
(மேல்தளம்)

பின்குறிப்பு:

அண்ணா, நான்தான் எழுதறேன். உறையை எப்படிப் பிரிச்சேன்னு யோசிக்காதே. கூடையில பசை அனுப்பினதே நான்தான், தண்ணி கலந்துதான் அனுப்பினேன். நீ பதறிக்கிட்டுக் கிளம்பிடாதே. காண்ட்ராக்டர் நீ சொன்ன மாதிரியே தங்கமானவர். சொன்ன வாரத்துலயே படியைச் செஞ்சு கொண்டுவந்துட்டார். நான்தான் கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னேன். அன்னிக்குப் படியை இடிச்சப்ப இவர் மாடியில தூங்கிக்கிட்டிருந்தது மட்டும்தான் தானா நடந்தது. மத்த எல்லாம் நான் சொல்லித்தான். மரம் காயாதது, இடுப்பு, தம்பி இடுப்பு, கழுத்துப் பட்டை எல்லாம். கழுத்துப் பட்டை நம்ம வீட்டு வெள்ளைத் துணிதான், தினமும் கிளம்பறப்ப கழட்டிக் கொடுத்துட்டுப் போறார் பாவம். மாடிக்கு மேல படி போட்டதும் நான் கேட்டுத்தான், மனுஷர் காத்தாட நடக்கட்டும்னு. ரிட்டயர் ஆனதிலேருந்து நான் அடுப்பைப் பத்தவைக்கறப்பல்லாம் பின்னாடி நின்னு "கவனம்"னு சொல்லிச் சொல்லி என் கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு அண்ணா. இப்ப நடுங்கறதில்லே. அவரும் தூரத்துல இருந்து பேசினா எவ்வளவு நல்லாப் பேசறார் தெரியுமா? நேத்து என்கிட்ட, சின்ன வயசுல எனக்கு என்ன ஆகணும்னு ஆசைன்னு கேட்டார். பதில் சொல்லி முடிக்க ரெண்டு சாயங்காலம் ஆகும். அதைச் சொல்லி முடிச்சதும் படியை மாட்டிடச் சொல்றேன்.

ஒண்ணே ஒண்ணு. செஞ்ச படியை ஹால் சுவரோரமா நிறுத்தித் துணி போத்தி வச்சிருக்கேன். மேலேருந்து அதோட மூலை தெரிஞ்சிருக்கு. "அது என்ன புது அலமாரி?"ன்னு கேட்டார். வாயில வந்ததைச் சொல்லிட்டேன், நீ அனுப்பினதுன்னு. ரொம்ப நெகிழ்ந்துபோய் உனக்கு நன்றி சொல்லித் தனியா ஒரு கடிதம் எழுதிக்கிட்டிருக்கார். அது வந்தா, "அதனாலென்ன மாப்பிள்ளே"ன்னு ஒரு வரி பதில் போட்டுடு.