செருப்பு டப்பாவில் ஒரு சினிமா

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். என் நாலாவது படத்தில் நடிகர்களே கிடையாது. நடிப்பே கிடையாது. என் மனைவிதான் கதாநாயகி. ஆனால் அது அவளுக்கே தெரியக் கூடாது.

நான் யார் என்று கேட்பீர்கள். மூன்று படம் எடுத்தவனை யாருக்கும் தெரியாது என்றால் அவன் கலைப்படம் எடுக்கிறான் என்று அர்த்தம். என் படம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் கூட்டம் கலையும்; அதனால்தான் கலைப்படம். முதல் படம் ஒரு மாடிப்படியைப் பற்றியது. ஏறியவர்கள் இருவர், இறங்கியவர் ஒருவர். இன்னொருவர் என்ன ஆனார் என்று கேட்பவன் ரசிகனே இல்லை. இரண்டாவதில் வசனம் கிடையாது. மூன்றாவதில் வெளிச்சம் கிடையாது. கும்மிருட்டில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் பதினோரு நிமிஷம். தாடி வைத்த விமர்சகர் ஒருவர் அதைக் 'காலத்தின் கண்ணீர்' என்று எழுதினார். பத்திரிகையை எடுத்துக்கொண்டு மனைவியிடம் ஓடினேன்.

"கண்ணீரும் இல்ல, பன்னீரும் இல்ல. வாஷர் போயிடுச்சு. நாலு மாசமா சொல்றேன்" என்றாள்.

அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். பகலெல்லாம் அடுத்தவர் வாய் திறக்கக் காத்திருப்பாள். வீட்டுக்கு வந்தால் என் வாயை மூடிவிடுவாள்.

ஒரு அட்டை டப்பாவில் ஓட்டை போட்டு, சின்ன கேமராவை உள்ளே வைத்து, ஹால் அலமாரியின் உச்சியில் சமையலறையைப் பார்த்தபடி நிறுத்தினேன். ஒரு பெண், ஒரு வெங்காயம், ஒரு கத்தி. உலக சினிமா வேறென்ன கேட்கும்?

"ஏங்க, அது என்ன டப்பா?"

"பழைய செருப்பு."

"செருப்பை எதுக்குத் தலைக்கு மேல வெச்சிருக்கீங்க?"

"எடுக்க வசதியா இருக்கும்."

"ஸ்டூல் போட்டு ஏறியா?"

"அடிக்கடி போட மாட்டேன்ல? தேய்மானம் குறையும்."

"ம்" என்றாள். அந்த 'ம்'மைப் பற்றி மட்டும் நான் ஒரு படம் எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் விட்டேன்.

எனக்கு ஒரு கொள்கை உண்டு. எடுத்ததை நான் பார்ப்பதில்லை. பதிவானதை அப்படியே என் மனைவியின் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். கல்யாண வீடியோ வெட்டிப் பிழைக்கிறவன். என் படங்களுக்கு அவன்தான் எடிட்டர்.

நாலாம் நாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மாமா, ஒரே ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"பாத்தா உண்மை கெட்டுடும்டா மச்சான்."

"அதைவிட வேற ஏதாவது கெட்டுடும்போல இருக்கு மாமா."

"நீ வெட்டு. ரசிகர்களோட சேர்ந்துதான் நானும் முதல் தடவை பாப்பேன்."

பட விழாவுக்கு அனுப்ப ஒரு விண்ணப்பம் நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. படிப்பது கலைஞன் வேலையில்லை.

இதற்கிடையில் என் மனைவிக்குத் திடீரென்று கலைத்தாகம் வந்துவிட்டது. ஒரு நாள் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வருகிறேன், ஹாலில் வெளிச்சத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஏங்க, உலக சினிமான்னா என்னங்க? இங்க உக்காந்து சொல்லுங்களேன்."

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் கேள்வி! துண்டைப் பிடித்துக்கொண்டே நாற்பது நிமிஷம் பேசினேன். அவள் ஓரமாக நின்று வெங்காயம் நறுக்கினாள். கண்ணில் நீர் வழிந்தது. என் பேச்சுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

"வாழ்க்கையில ஒவ்வொருத்தரும் ஒரு பாத்திரம்" என்று முடித்தேன்.

"சிங்க்ல பன்னெண்டு கிடக்கு. அதுல எதுங்க நீங்க?"

இன்னொரு நாள் ஹால் வாஷ்பேசினில் சொட்டும் அந்தக் குழாயைச் சரிசெய்யச் சொன்னாள். நான் இரண்டு கை விரல்களையும் சட்டம்போல் கோத்து, அதன் வழியே குழாயைக் கால் மணி நேரம் பார்த்தேன். அவள் ஸ்பானரை எடுத்து மூன்று நிமிஷத்தில் புது வாஷரை மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

படம் விழாவுக்குத் தேர்வானது. "ஒரு ஆச்சரியம் காத்திருக்கு, வா" என்று அவளை அழைத்துப் போனேன். கிளினிக்குக்கு லீவு போட்டு, புது உடுப்பு உடுத்தி, லிப்ஸ்டிக்கோடு வந்தாள்.

விளக்கு அணைந்தது. 'மௌனத்தின் முதுகு' என்ற என் தலைப்பைக் காணோம். 'எங்க வீட்டு மேதை' என்று வந்தது. அடுத்த ஷாட்டில் நான். சோபாவில், வாயைப் பிளந்தபடி, தூக்கத்தில். சமையலறையையே காணோம். அரங்கம் குலுங்கியது. பிறகு துண்டும் உலக சினிமாவும். பின்வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தார். விரல் சட்டத்தோடு நான் நிற்க, பின்னால் அவள் ஸ்பானரோடு வந்தபோது விசில் பறந்தது. தாடி விமர்சகர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்போலேருந்து தெரியும்?" என்று காதோரம் கேட்டேன்.

"முதல் நாளே. செருப்பு டப்பாவுக்குள்ள சிவப்பு விளக்கு மினுக்கு மினுக்குன்னு எரியுது. நீங்க குளிக்கப் போனப்ப டப்பாவை உங்க சோபா பக்கம் திருப்பி வெச்சேன்."

"கதாநாயகி நீதானே?"

"எனக்கு நடிக்க வராதுங்க. உங்களுக்கு எவ்வளவு இயல்பா வருது பாருங்க!"

உடம்பெல்லாம் கூசியது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மூன்று படங்களிலும் நான் அதிகம் கேட்ட சத்தம், எழுந்து போகிறவர்களின் நாற்காலி மடங்கும் சத்தம். அன்று ஒரு நாற்காலிகூட மடங்கவில்லை. வெளியே போன ஒரே ஒருவரும் பேன்ட் ஜிப்பை இழுத்துக்கொண்டே ஓடிவந்தார்.

படம் முடிந்ததும் மொத்த அரங்கமும் எழுந்து கைதட்டியது. கேமரா என்னுடையது, டப்பா என்னுடையது, போன மானமும் என்னுடையது. அப்படியானால் படமும் என்னுடையதுதானே? "இந்தப் படத்தின் டைரக்டரை மேடைக்கு அழைக்கிறோம்!" என்றார்கள். தலையைக் கோதிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, விறுவிறுவென்று நடந்தேன்.

மேடைக்குக் கீழே நின்ற அமைப்பாளர் அம்மாள் என் தோளை அன்பாகத் தட்டிச் சொன்னாள்: "கொஞ்சம் உக்காருங்க சார், காமெடியனை அப்புறம் கூப்பிடறோம். மேடம், நீங்க வாங்க."