ரெக்கார்டு நோட்டில் நான் போட்ட கையெழுத்து

மேற்குத் தாம்பரம்,
18.4.1990

மரியாதைக்குரிய மச்சான் குப்புராஜ் அவர்களுக்கு,

தட்சிணாமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தங்கை கனகவல்லி நலம். படப்பையில் அக்கா, பிள்ளைகள், இரும்புக் கடை எல்லாம் சௌக்கியம் என்று நம்புகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய பலாப்பழம் வந்து சேர்ந்தது. நான் ஒரு சுளைகூடச் சாப்பிடவில்லை. சாப்பிடும் நிலையில் இல்லை.

மகள் ஜெயக்கொடி பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டாள், உங்கள் கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்த்துவிடலாமா, நீங்களே பாடம் நடத்துவதால் எங்களுக்குக் கவலையில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானே பாடம் நடத்துகிறேன் என்பதுதான் மச்சான் கவலை. தயவுசெய்து சேர்க்காதீர்கள். பத்தொன்பது வருடம் கணக்கு நடத்திக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். போன வருடம் முதல்வர் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர்னா கணக்குதானே சார், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லி என்னைக் கிண்டிக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே முதல் நான்கு நாள் கரண்ட் இல்லை, அடுத்த நான்கு நாள் சொல்லிக்கொடுப்பவர் வரவில்லை, ஒன்பதாம் நாள் செருப்பைக் கழற்றச் சொல்லி வரிசையில் விட்டு மிஷினைக் காட்டினார்கள், பத்தாம் நாள் சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தால் நாற்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மிஷின் இரண்டு வந்தது. ஏ.சி. இல்லாத அறையில் பெட்டியைப் பிரித்தால் கம்பெனி பொறுப்பல்ல என்று மேலே ஒட்டியிருந்ததால், ஏ.சி. வரட்டும் என்று பெட்டிமேல் பெட்ஷீட் போர்த்தி வைத்தோம். ஆகஸ்டில் வர வேண்டிய ஏ.சி. பிப்ரவரியில் வந்தது.

அதற்குள் ரெக்கார்டு நோட்டை முடிக்க வேண்டுமே. ரெக்கார்டு என்றால் நோக்கம், புரோகிராம், அது தந்த விடை, கடைசியில் "புரோகிராம் இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரி, அதன் கீழே என் கையெழுத்து. மிஷினே இல்லாமல் விடைக்கு எங்கே போவது? நானே கரும்பலகையில் கணக்குப் போட்டு விடையைச் சொன்னேன், நாற்பத்திரண்டு பேரும் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்கள், நான் சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டேன். எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தான் நடக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஏழாவது பயிற்சி, ஐந்து மாணவர்களின் மதிப்பெண்ணுக்குச் சராசரி. 62, 47, 71, 58, 39. நான் சொன்ன விடை 53.4. நீங்கள் கடையில் ஆணி நிறுக்கிற நேரத்தில் கூட்டிப் பாருங்கள் மச்சான், நான் எந்த லட்சணத்தில் கணக்கு வாத்தியார் என்று தெரியும்.

பிப்ரவரியில் மிஷினைத் திறந்ததும் கிருபா என்ற பெண் வந்து நின்றது.

"சார், அம்பத்தஞ்சு புள்ளி நாலுன்னு வருது சார்."

"ரெக்கார்டுல என்ன இருக்கு?"

"அம்பத்து மூணு புள்ளி நாலு சார்."

"அப்ப மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

அந்தப் பெண் நான்கு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியது. நான் வீட்டுக்கு வந்து காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். பத்தை விட்டிருக்கிறேன். மறுநாளே சொல்லியிருக்க வேண்டும். நாற்பத்திரண்டு நோட்டில் கையெழுத்துப் போட்டவன் எந்த முகத்தோடு சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதற்குள் சம்பந்தம் என்று ஒரு கெட்டிக்காரன், கூட்டுகிற வரி, வகுக்கிற வரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 53.4 என்று திரையில் போடு என ஒரே ஒரு வரி மட்டும் எழுதினான். சார் சொன்ன விடை அப்படியே வந்தது. ஒரு வாரத்தில் கிருபா தவிர நாற்பத்தோரு பேரும் எல்லாப் பயிற்சிக்கும் அதையே செய்தார்கள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு முடிந்தது. பரீட்சகராக வந்தவர் ஸ்ரீரங்கன் என்று ஒரு பௌதிகப் பேராசிரியர். வந்ததும் என்னைத் தனியாக அழைத்து, "இதை எங்க சார் ஆன் பண்றது?" என்று கேட்டார். அதன்பிறகு ரெக்கார்டைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போனால் டிக் போடுவார். எல்லோருக்கும் ஏழாவது பயிற்சியே வந்து தொலைத்தது. நாற்பத்தோரு பேர் பாஸ். ஒழுங்காகக் கூட்டி ஒழுங்காக வகுத்த கிருபா ஃபெயில். நான் பக்கத்தில்தான் நின்றேன் மச்சான். வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை அந்தப் பெண்ணின் அப்பா தாவீது வீட்டுக்கு வந்தார். ரயில்வே ஷெட்டில் வேலை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "ரெண்டு நாளா சோறு துன்னல சார் பொண்ணு. இன்னான்னு கேட்டா, மிஷினு கரீட்டாத்தாம்பா சொல்லுதுன்னு அய்துகினே கீது. நமக்கு ஒண்ணும் புரியல. எதுல சார் தப்பு பண்ணிச்சு? சொன்னீங்கன்னா திருத்திக்கும்" என்று என்னிடமே கேட்கிறார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். காபியோடு வந்த கனகவல்லி என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை வைக்காமலே உள்ளே போய்விட்டாள். நாளை மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட ஸ்ரீரங்கன் வருகிறார். போட்டுவிட்டால் முடிந்தது கதை. எனக்கு என்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிற வேலை காலியாக இருந்தால் தெரிவிக்கவும். தராசு இருக்கிறது, கூட்டல் வேண்டியதில்லை. ஜெயக்கொடியைத் தமிழோ தாவரவியலோ எதிலாவது சேர்த்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும். திருநீர்மலைப் பெருமாள் உங்களையாவது நல்லபடியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தட்சிணாமூர்த்தி

பின்குறிப்பு (20ஆம் தேதி): இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமலே பையில் வைத்துக்கொண்டு நேற்று கல்லூரிக்குப் போய்விட்டேன். ஸ்ரீரங்கன் பேனாவைத் திறந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு சார். கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுடுமேன்னு விட்டுட்டேன்" என்றார். கிருபா பாஸ். மற்ற நாற்பத்தோரு பேருக்கும் திங்கட்கிழமை மறுதேர்வு. முதல்வர் எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார், நாற்பத்தோரு பிள்ளைகள் என்னிடம் பேசுவதில்லை. மூன்று நாளில் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது என்பதால் கிருபா சொல்லிக்கொடுக்கிறது. நானும் ஸ்ரீரங்கனும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம். அவர் என்னைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன், கம்ப்யூட்டர் சயன்ஸ் விண்ணப்பப் படிவத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஜெயக்கொடியை அனுப்பிவையுங்கள். ஒன்றே ஒன்று. மாமா போர்டில் என்ன எழுதினாலும், தான் ஒரு தடவை கூட்டிப் பார்க்காமல் நோட்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.