படின்னு சொல்லப்படாது

ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு மாமி உண்டு. ஆற்றுக்கென்று இருந்த மாமி ஒருவர்தான். அந்த ஊர்ப் பேச்சில் 'ஆத்துல' என்றால் வீட்டில் என்று அர்த்தம். "ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டால் மற்ற மாமிகள் பிள்ளை, மாட்டுப்பெண், மூட்டுவலி என்று வரிசையாகச் சொல்வார்கள். இவர் மட்டும், "தண்ணி கம்மிதான். கரைதான் இன்னும் ரெண்டு முழம் உள்ள போயிடுத்து" என்பார். அதனால் ஊர் முழுக்க அவர் ஆத்து மாமி.

அப்போது நான் திருச்சியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். புத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். எழுபதுகளின் கடைசியில் வந்த பெரிய வெள்ளம் கொள்ளிடக் கரையைப் பல இடங்களில் தின்றுவிட்டுப் போயிருந்தது. அதைச் சீராக்க அரசாங்கம் மானியம் ஒதுக்கியது. அந்த வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. மாமியின் தெருக்காரர்கள் குளிக்கவும் துவைக்கவும் இறங்கிய படித்துறையும் வெள்ளத்தோடு போயிருந்தது. மிஞ்சியது ஒரு சேற்றுச் சரிவு. அதில் வழுக்கி மாமியின் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த கையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

கையில் எவர்சில்வர் தூக்கு. எங்கள் இன்ஜினியர் பக்திமான். மடிசார் மாமி, அதுவும் ஸ்ரீரங்கத்து மாமி, தூக்கோடு வந்தால் என்ன நினைப்பார்? எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடியைத் திறந்தார். உள்ளே சேறு.

"என்ன மாமி இது?"

"போன வருஷம் வரைக்கும் கரையா இருந்தது. இப்போ தூக்குல இருக்கு. இப்படியே கொஞ்சம் கொஞ்சமா கொண்டுவந்து தரட்டுமா, இல்லே அங்கேயே கட்டித் தரேளா?"

இன்ஜினியர் கை கழுவிக்கொண்டு வந்து வரைபடத்தை விரித்துக் காட்டினார். நல்ல உயரமான கற்சுவர். மாமி அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"எறங்கற வழி எங்கே?"

"படி இந்த மானியத்துல வராதுங்க மாமி. இது கரையைக் காப்பாத்துற பணம். படித்துறைக்கு வேற ஆபீஸ்."

"அப்போ ஆத்தைப் பாக்கணும்னா?"

"சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம்."

"ஜெயில்ல இருக்கறவாளைப் பாக்கற மாதிரியா?"

மாமி அந்த வேறு ஆபீஸுக்கும் போனார். தண்ணீரைத் தொடுகிற எதுவும் எங்கள் பொறுப்பில்லை என்று அங்கே சொன்னார்கள். தண்ணீரைத் தொடாத படித்துறையை மாமி எங்கே போய்த் தேடுவார்? திரும்பவும் எங்களிடமே வந்தார். வாராவாரம் வந்தார். இன்ஜினியர் வெளியே போயிருந்தால் என் மேஜைக்கு அருகில் உட்கார்ந்து நான் அடித்ததைப் படிப்பார்.

"பொண்ணே, கரைன்னு வர்ற எடத்துல எல்லாம் கறைன்னு அடிச்சிருக்கே. அவா கல்லு வாங்குவாளா, சோப்பு வாங்குவாளா?"

மார்ச் நெருங்கியது. மார்ச் முடிந்தால் பணம் திரும்பிப் போய்விடும். "ரொம்பப் பேசினீங்கன்னா சுவரும் இல்லாம போயிடும் மாமி" என்று இன்ஜினியர் உண்மையான கவலையோடுதான் சொன்னார். மாமி அன்றைக்குக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சுவரும் வராவிட்டால் அடுத்த வெள்ளம் தெருவுக்குள் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

கடைசியில், அனுமதி தர மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். குறிப்பு எடுக்க என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அதிகாரி பளபளக்கும் ஷூவோடு கரை மேல் நின்று, "நல்ல காத்து" என்றார். மாமி எங்களுக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தார். குடையை ஊன்றிக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்த் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"மாமி, மேல வாங்க" என்று இன்ஜினியர் கூப்பிட்டார்.

"ஏற முடியலை. கை பலம் போறலை. யாராவது எறங்கி வாங்கோ."

இன்ஜினியர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஜீப்பைப் பார்த்தார். நான் என் சேலையைப் பார்த்தேன். அதிகாரி நல்ல மனுஷர். ஷூவைக் கழற்றிவிட்டு அவரே இறங்கினார். முதல் இரண்டு அடி அவராக நடந்தார். மிச்சத்தைக் கரை பார்த்துக்கொண்டது. மாமிக்குப் பக்கத்தில், உட்கார்ந்த நிலையில் வந்து நின்றார்.

"வாங்கோ" என்றார் மாமி. "ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?"

அதிகாரி தன் வெள்ளைப் பேன்ட்டைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த இருவர் வந்து ஆளுக்கு ஒருவரை இழுத்து மேலே சேர்த்தார்கள்.

"தினமும் இப்படித்தான் எறங்குறாங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"எறங்கறது சுலபம். பாத்தேளே."

அதிகாரி இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "இங்க படி இல்லாம எப்படிய்யா?"

"படின்னு எழுதினா ஆடிட்ல கேள்வி வரும் சார்."

"கரை சரியாம இருக்கக் கல்லை அடுக்கடுக்கா வைக்கலாமில்ல?"

"வைக்கலாம் சார். அது கரை பலப்படுத்துறதுல வரும்."

"அந்த அடுக்கு மேல யாராவது நடந்தா நாம என்ன பண்ண முடியும்?"

மாமிக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "படின்னு சொல்லப்படாது, அவ்வளவுதானே? நான் தெருவுக்கே சொல்லிடறேன்."

சொல்லியும் விட்டார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் படி என்ற சொல்லே செத்துப்போனது. "அடுக்குல பாத்து எறங்கு", "அடுக்குல சோப்பை வெச்சுட்டு வந்துட்டேன்" என்றுதான் பேச்சு. வேலை நடந்த நாளெல்லாம் மாமி குடையோடு அங்கேயே இருந்தார். கொத்தனார் உயரமாக ஒரு வரிசை வைத்தால், "இது அடுக்கா, பரண்ல ஏறற வழியா? என் முட்டியைக் கேட்டுண்டு வையுங்கோ" என்பார். கொத்தனார் முணுமுணுத்தபடி பிரித்துத் தாழ்த்தி வைத்தார்.

சில வருஷம் கழித்துக் கொள்ளிடம் கரை முட்ட ஓடியது. ஊரே பதறிப்போய்ப் பார்க்க ஓடியது, நானும் போனேன். ஓரத்தில் கொஞ்சம் கல் பெயர்ந்ததே தவிர, கரை அசையவில்லை. மாமி குடையை மடக்கிக்கொண்டு, "ஓரத்துல சிமென்ட் போறலை" என்றார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு.

எனக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது மாமி என்னை ஆற்றுக்கு அழைத்துப் போனார். கடைசி அடுக்கில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டோம். அன்றைக்கு ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"பொண்ணே, உன் பேரென்ன?"

"இத்தனை நாள் தெரியாதா மாமி?"

"நான் எங்கே கேட்டேன்? எனக்குக் கரைதானே பெருசா இருந்தது."

"ஸ்டெல்லா, மாமி."

"இஸ்டெல்லா" என்றார். மறந்துவிடக்கூடாது என்பதுபோல், மேலே ஏறி முடிக்கும்வரை ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு தரம் "இஸ்டெல்லா, இஸ்டெல்லா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது யாராவது என் பெயரைச் சரியாகச் சொன்னால், அதில் ஓர் எழுத்து குறைகிற மாதிரி இருக்கிறது.