முந்நூறு மணி நேரம் ஓடட்டும்

காது நன்றாக இருக்கிறவனுக்கு மனசும் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு காலத்தில் நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு ஆன செலவை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். செலவு செய்தவர் நான் இல்லையே.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை (கணக்குப் பிரிவில் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்). அத்தாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மேற்குத் தாம்பரத்தில் மெத்தைக் கடை. பஜாரில் அவர் பெயர் நிறையப் பேருக்குத் தெரியாது, 'மெத்தைக்கடை பாய்' என்றால்தான் தெரியும். பஞ்சு வியாபாரிகள் துண்டுச் சீட்டுகூட எழுதாமல் மூட்டை இறக்கிவிட்டுப் போவார்கள். வட்டி என்பது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. அத்தா வாழ்நாளில் வட்டி வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை, ஹஜ். கடை லாபத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, வருடாவருடம் ஹஜ் கமிட்டிக்கு விண்ணப்பம் போட்டு, குலுக்கலில் பெயர் வராமல் அடுத்த வருடத்துக்காகக் காத்திருப்பார்.

எனக்கும் ஒரே ஆசைதான். நல்ல சத்தம்.

இதைப் புரியவைப்பது கஷ்டம். பாட்டுக் கேட்பது வேறு, சத்தம் கேட்பது வேறு. எங்கள் கூட்டத்தில் யாரும் பாட்டை முழுதாகக் கேட்டதே கிடையாது. டிரம் செட்டின் சிம்பலில் தட்டிய ஓசை எப்படித் தேய்ந்து மறைகிறது, பாடுகிறவர் மூச்சிழுப்பது இடது பக்கம் கேட்கிறதா வலது பக்கமா, இதுதான் எங்கள் கவலை. இன்டர்நெட்டில் ஒரு குழு வைத்து இதையெல்லாம் விவாதிப்போம். குரோம்பேட்டையிலிருந்து மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி வெங்கட், சேலையூரிலிருந்து ராபின்சன், தாம்பரத்திலிருந்து நான். என் அறையை ஸ்டூடியோ மாதிரி ஆக்குவதற்காகக் கடையிலிருந்து எட்டு மெத்தைகளைக் கொண்டுவந்து நான்கு சுவரிலும் சாய்த்து வைத்திருந்தேன். சென்னை வெயிலில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, விசிறிச் சத்தம் குறுக்கிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, மூன்று பேர் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்போம். அம்மா ஒருமுறை மோர் கொண்டுவந்தவள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்காவது காய்ச்சலாடா?" என்றாள்.

அந்தக் குழுவுக்கு மார்ட்டின் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ஒரு வயலினைப் பற்றி அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். வில்லில் பூசிய பிசின்பொடி உதிர்வதுகூட அவர் காதுக்குக் கேட்டதாம். படித்துவிட்டு வெங்கட் எனக்குப் போன் செய்தான். "மச்சான், இந்த ஆளு சாமி மாதிரிடா." மார்ட்டின் தன் கையாலேயே வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து விற்பவர். பழைய ரேடியோவில் ஒளிரும் அந்தக் கண்ணாடி வால்வுகள் வைத்தது. மூன்றாக வாங்கினால் விலை குறைத்துத் தருகிறேன் என்றார்.

இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிற மனுஷன் ஏமாற்றுவானா? இந்தக் கேள்வியை மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். மூன்று பேரும் மாட்டான் என்று சொன்னோம். விசாரணை முடிந்தது.

கிரெடிட் கார்டு இருந்தது என்னிடம் மட்டும்தான். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே டை கட்டிக்கொண்டு நின்ற ஒருவர் ஆறே நிமிடத்தில் என் தலையில் கட்டிய கார்டு அது. "அப்பாவுக்குச் சொந்தக் கடையா சார்? அந்த அட்ரஸ் போடுங்க, உடனே ஓகே ஆயிடும்" என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார், போட்டேன். அந்தக் கார்டை இன்டர்நெட்டில் பணம் அனுப்பும் ஒரு சேவையோடு இணைத்து, மூன்று ஆம்ப்ளிஃபயருக்கும் சேர்த்து நானே கட்டினேன். என் ஏழு மாதச் சம்பளம். பொத்தானை அழுத்தியபோது திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. பொருள் சரியில்லையென்றால் ஒன்றரை மாதத்துக்குள் புகார் செய்யுங்கள், பணத்தை மீட்டுத் தருவோம் என்றும் கீழே எழுதியிருந்தது. அதைவிட வேறென்ன பாதுகாப்பு வேண்டும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வெங்கட்டும் ராபின்சனும் தங்கள் பங்கை எப்போது தருவது? இங்கேதான் எங்கள் ஆடியோக்காரச் சாதிக்கே உரிய முட்டாள்தனம் வருகிறது. புது பைக் வாங்கினால் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பழக்குவோம் இல்லையா, ஆடியோக்காரர்கள் ஆம்ப்ளிஃபயருக்கும் அப்படிச் செய்வார்கள். அதற்கு 'பர்ன்-இன்' என்று பெயர். புதுப் பெட்டியைப் பல மணி நேரம் பாட விட்டால்தான் அதன் உண்மையான சத்தம் திறக்கும், அதற்கு முன்னால் குறை சொல்வது அநாகரிகம். ஆகவே பெட்டியின் சத்தம் திறந்த பிறகு பணம் என்று பேச்சு. நியாயமாகத்தான் பட்டது.

பெட்டிகள் வந்தன. என்னுடையதைப் போட்டேன். வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கண்கொள்ளாத அழகோடு ஒளிர்ந்தன. சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வந்தது. மார்ட்டினுக்கு எழுதினேன். அன்றைக்கே பதில். 'நண்பரே, அவசரப்படாதீர்கள். என் பெட்டிகளுக்கு முந்நூறு மணி நேரம் வேண்டும். சூடாகிவிடும், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.'

ஓட விட்டேன். சில நாள் நான் வேலைக்குப் போகும்போது ஓடியது, சில நாள் தூங்கும்போது ஓடியது. மின்வெட்டு நேரத்தைக் கழித்துக்கொண்டேன், கணக்குப் பிரிவு ஆள் அல்லவா. ஆளில்லாத அறையில் மணிக்கணக்கில் பாட்டு ஓடுவதைப் பார்த்து அம்மா மிரண்டுபோனாள். "யாருமே இல்லாத ரூம்ல யாருக்குடா பாட்டு போட்டு வச்சிருக்க? ஜின்னு பிசாசுக்கா?" அத்தா கரண்ட் பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

முந்நூறில் பாதி கடந்ததும் வெங்கட்டும் ராபின்சனும் வந்து மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளும் இதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. ராபின்சன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "லேசா திறக்குதுல்ல?" என்றார். வெங்கட், "அடிப்பக்கம் நல்லா வந்திருக்கு மச்சான்" என்றான். எனக்குப் போன வாரம் கேட்ட அதே போர்வைதான் கேட்டது. ஆனால் கேட்கவில்லை என்று சொன்னால் என் காதுக்குத்தானே கேவலம்? "மேல்பக்கம் இன்னும் தெளிவா இருக்கு" என்று நானும் ஒரு பொய்யைச் சேர்த்து வைத்தேன். இப்படி மூன்று பேரும் மற்ற இருவருக்கும் கேட்கிறது என்று நம்பிக்கொண்டு கலைந்தோம்.

முந்நூறுக்குக் கொஞ்சம் பாக்கியிருக்கும்போது என் பெட்டி ஒரு நாற்றத்தைக் கிளப்பிவிட்டு நின்றுபோனது. மார்ட்டினிடமிருந்து பதில் இல்லை. குழுவிலும் ஆளைக் காணோம். சரி, புகார் செய்வோம் என்று போனால் புகார் செய்யும் காலம் அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. அவர் கேட்ட முந்நூறு மணி நேரத்துக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. பெட்டி கப்பலில் வந்த நாட்கள், மின்வெட்டு, சூடாகாமல் இருக்க அவர் விடச் சொன்ன இடைவேளை எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மாதத்தைத் தாண்டிவிடும். ஆடியோக்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் கெட்ட சரக்கை வைத்துக்கொண்டு அவ்வளவு நாள் பொறுமையாக இருக்க மாட்டார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

வெங்கட் வந்து ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியைத் திறந்தான். வால்வுகளுக்கு எந்த ஒயரும் போகவில்லை. அவற்றுக்கு அடியில் சின்னச் சின்ன ஆரஞ்சு விளக்குகள், சீரியல் செட்டில் வருகிற மாதிரி. ஓரத்தில் மலிவான டிவி ஸ்பீக்கரில் இருக்கும் ஒரு சிப் கருகிக் கிடந்தது. நாங்கள் அத்தனை நாள் பழக்கியது அந்த விளக்குகளைத்தான். "அடிப்பக்கம் நல்லா வந்துச்சுன்னு சொன்னியேடா" என்றேன். வெங்கட் ஸ்க்ரூக்களைத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தான்.

ராபின்சன், திறக்காத பெட்டிக்குப் பணம் எப்படித் தருவது என்று தர்க்கம் பேசிவிட்டுப் போன் எடுப்பதை நிறுத்தினார். வெங்கட் பாவம், ஐந்நூறும் ஆயிரமுமாகத் தந்தான். நான் கார்டுக்கு 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருந்ததை மட்டும் ஒழுங்காகக் கட்டிவந்தேன். அதைக் கட்டினால் கடன் குறையும் என்று நினைத்தேன். (கணக்குப் பிரிவு!) அது மாதாமாதம் ஏறியது. பிறகு அதையும் கட்ட முடியவில்லை. மிரட்டல் போன்கள் வந்தன, சிம் கார்டை மாற்றினேன். பிரச்சினை தீர்ந்துவிட்டது போல இருந்தது.

அந்த வருடம்தான் குலுக்கலில் அத்தாவின் பெயர் வந்தது.

அத்தா சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர் கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அத்தா பஜார் முழுக்க நடந்தார். பூக்காரம்மா, வளையல் கடைக்காரர், மூட்டை இறக்குபவர்கள், ஒருவரையும் விடவில்லை. "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க. ஏதாவது பாக்கி இருந்தா சொல்லிடுங்க." பூக்காரம்மா அழுதேவிட்டார். "உன்கிட்ட இன்னா பாய் பாக்கி? நீ நல்லபடியா போய்க்கினு வா."

அன்றைக்குச் சனிக்கிழமை. நான் கடையில் உறைத்துணி வெட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிவிட்டு வந்து அத்தா உட்கார்ந்தார். கடை வாசலில் பைக் நின்றது. ஒருவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, "மெத்தைக்கடை பாய் நீங்கதானா?" என்றார். நான் அந்தக் குரலைப் போனில் கேட்டிருக்கிறேன், கார்டுக் கடன் வசூல்காரர். அடுக்கி வைத்த மெத்தைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அத்தாவுக்குக் காலையிலிருந்து ஒரே வேலைதானே? வந்தவரையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் ஹஜ்ஜுக்குப் போறேன். உங்களுக்கு நான் ஏதாவது தரவேண்டியிருந்தா மறைக்காம சொல்லிடுங்க."

அந்த ஆள் விழித்தார். அவர் தொழிலில் எத்தனையோ பேர் ஓடியிருப்பார்கள், கத்தியிருப்பார்கள், கதவைச் சாத்தியிருப்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு பாக்கியைக் கேட்டவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

"இன்னா பாய், நான் கேக்கறதுக்கு முன்னாடி நீ கேக்கறே?" என்றவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நீ இல்ல பாய். உன் பையன் தரணும். ஜாபருன்றது உன் பையன்தானே?"

கத்த வேண்டும் என்று வந்தவர்தான். ஆனால் கத்தவில்லை. அவர் மெதுவாகச் சொன்னதை வளையல் கடை, பூக்கடை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஜாபர், வெளியே வா" என்றார் அத்தா. தலையெல்லாம் பஞ்சோடு வந்து நின்றேன்.

அத்தா தாளை வாங்கிப் பார்த்தார். "இதுல அசல் எவ்வளவு தம்பி?"

"அசல் பாதிதான் கீது பாய். மீதியெல்லாம் வட்டி. லேட் ஃபீஸு, அந்த லேட் ஃபீஸுக்கு வட்டி."

அத்தா அந்தத் தாளை நான்காக மடித்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொட்டி இப்பப் பாடுதா?"

"இல்லத்தா."

திங்கட்கிழமை அவரே பேங்குக்குப் போய்ப் பணத்தை எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கட்டினார். ஹஜ்ஜுக்கென்று வருடக்கணக்காகச் சேர்த்த காசு. வாழ்நாளில் வட்டியைத் தொடாத மனுஷன் அந்தக் காசில் வட்டி கட்டினார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரசீதை மடித்து என் சட்டைப் பையில் வைத்து, "வேலைக்கு நேரமாச்சு, போ" என்றார். சனிக்கிழமை கடைக்கு வந்த வசூல்காரர் போகும்போது, "நல்லபடியா போய்ட்டு வா பாய்" என்று வேறு வாழ்த்திவிட்டுப் போயிருந்தார்.

ஹஜ் பயணத்துக்கான இரண்டாவது தவணையைக் கட்ட முடியாமல் அத்தாவின் இடம் வேறு யாருக்கோ போனது. பணத்தை மூன்று வருடத்தில் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குலுக்கல்தான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் போட்டார், பெயர் வரவில்லை. தனியார் ஏஜென்சியில் அனுப்பும் அளவுக்கு எனக்கு வசதி வந்தபோது அவர் மூட்டு போய்விட்டது. சக்கர நாற்காலியில் கூட்டிப்போகிறேன் என்றேன். "நடக்கற காலத்துல போயிருக்கணும், விடு" என்றார்.

ஆனால் பஜாரில் பாதிப் பேர் அவர் போய்விட்டு வந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேரிடமும் விடைபெற்றாரே. அவர்கள் அவரை 'ஹாஜியார்' என்று கூப்பிடுகிறார்கள். மற்றவர்களாக இருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அத்தா ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்துவார். "ஹாஜியார்னு சொல்லாதப்பா, நான் போகல."

போன மாதம் பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் மகள் கல்யாணத்துக்கு மெத்தை வாங்க வந்தார். அதே 'ஹாஜியாரே.' அதே திருத்தம்.

"ஏன் பாய், கிளம்பறேன்னு சொல்லிட்டுப் போனீங்களே? என்ன ஆச்சு?"

அத்தா என் பக்கம் விரலை நீட்டினார். "அந்தக் காசுல இவன் பாட்டு கேட்டான்."

வந்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். என் மனைவி சிரித்தாள், இந்தக் கதையை மனப்பாடமாக ஒப்பிக்கும் என் இரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். எனக்குத்தான் ஊரிலேயே நல்ல காது என்று பெயர். அந்தச் சிரிப்பில் எது அவருடையது என்று பிரித்துக் கேட்க எனக்குத் தெரியும். அதனால் அது காதில் விழாதபடி எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.