பலகையில் பதினேழாவது பெயர்

“சார், அந்தப் பதினேழாம் நம்பரை மட்டும் எடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

வாழைக்காரர் கெஞ்சினார். விவசாய அலுவலகக் கிளார்க் முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை.

புயல் நிவாரணம் வாங்கியவர்களின் பட்டியல் அலுவலக வாசல் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. பதினேழாவதாக இவர் பெயர். பக்கத்திலேயே, ‘சாய்ந்த வாழை: நானூற்றுப் பத்து.’ உள்ளதுதான், பொய்யில்லை. ஆனால் மகளைப் பெண் கேட்ட பையனின் அப்பாவிடம் இவர் போனில் அளந்தது வேறு.

“புயலா? நம்ம தோட்டத்துக்குள்ள நுழைய காத்தே யோசிக்கும்!”

அந்தக் குடும்பம் இன்று பதினோரு மணிக்கு இவர் வீட்டுக்கு வருகிறது, இந்த அலுவலக வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். கட்டினால் அந்தப் பையனைத்தான் கட்டுவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

“யார் யாருக்கு நிவாரணப் பணம் கொடுத்தோம்னு ஊருக்குத் தெரியணும். அதுதான் ரூல்,” என்றார் கிளார்க். “பேரு வேண்டாம்னா ஒரு மனு எழுதிக் கொடுங்க.”

எழுதிக் கொடுத்தார். கிளார்க் அதை வாங்கி, முத்திரை குத்தி, நேராகப் போய்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

“ஐயையோ, இதை எதுக்கு ஒட்டுறீங்க?”

“மனு வந்தா ஏழு நாள் ஒட்டணும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லணும்ல?”

ஓரிடத்தில் இருந்த பெயர் இப்போது இரண்டு இடத்தில். இதைத்தான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவருக்கு மனுத்தாளுக்கு நாலு காசு செலவு, அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

“என்னண்ணே, பலகைக்குக் காவலா?” என்று சைக்கிளில் போனவர் இறங்கினார்.

“சும்மா... வெயிலுக்கு ஒதுங்கினேன்.”

“உங்க மூஞ்சியிலதானே வெயில் அடிக்குது?”

ஒருத்தர் நின்றால் பத்துப் பேர் நிற்காமல் இருப்பார்களா? நின்றார்கள். “தள்ளுப்பா, என் பேரு இருக்கான்னு பாக்கணும்,” என்று இடித்தார்கள். இவர் நகரவில்லை. கூச்சல் பெரிதானதும் கிளார்க் வெளியே வந்தார்.

“யாரும் தள்ளாதீங்க. நானே படிக்கிறேன்!”

கையில் மைக்.

பதினாறாவது பெயர் முடிந்தபோது, கூட்டத்தைத் தாண்ட முடியாமல் ஒரு கார் வந்து நின்றது. பையனின் அப்பா இறங்கினார். பின்னாலேயே பையனின் அத்தை.

“பதினேழு!” என்றது ஒலிபெருக்கி. பெயர், அப்பா பெயர், தெரு, விழுந்த வாழை எல்லாம் தெரு முழுக்கக் கேட்டது. பையனின் அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையிலும் ஒருமுறை சரிபார்த்தார்.

வாழைக்காரர் பலகையை விட்டு நகர்ந்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“மன்னிச்சிடுங்க. போன்ல சொன்னதெல்லாம் வெறும் ஜம்பம். பாதித் தோட்டம் படுத்துடுச்சு. நிவாரணம் வாங்குறப்ப இனிச்சுது, வெளியில தெரியக்கூடாதுன்னு நெனச்சேன். நான் ஒரு வாய்ச்சவடால் முட்டாளுங்க. ஆனா என் பொண்ணு அப்படியில்ல. அவளை வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பையனின் அப்பா தங்கையைப் பார்த்தார். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அட போங்கண்ணே! ஊரெல்லாம் சாஞ்சப்ப உங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலைன்னதும், இந்த மனுஷனுக்குத் தோட்டமே கிடையாதுன்னு முடிவு பண்ணி, சம்பந்தம் வேண்டாம்னு சொல்லத்தான் நாங்க கிளம்பியே வந்தோம்!”