வெள்ளைப் படமும் குருக்கள்மடத்து நெல்லும்

எனக்குக் கோபம் வருவது குறைவு. வந்தால் ஒழுங்காக இலக்கமிட்டு மனதுக்குள் அடுக்கிவிடுவேன். படித்த படிப்பு அப்படி. அந்த வரிசையில் முதலிடத்தில் இருப்பவரை நான் கண்டதே இல்லை. எங்கோ ஒரு குளிரூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு வானிலைச் செயலி ஒன்றுக்கு நிறம் தேர்ந்தெடுத்த ஆள் அவர். இரண்டாமிடம் என் மாமிக்கு. மூன்றாமிடம் கல்முனை பஸ் சாரதி ஒருவருக்கு. (நான் எத்தனையாவது என்பதை மாமியிடம் கேட்டால் விபரமாகச் சொல்வார்.)

இலத்திரனியல் படித்து முடித்து, டொப்ளர் ராடார் பற்றிய வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்த புதிது. சான்றிதழ், பெயரட்டைக் கழுத்துப்பட்டி, கோப்பிக் குவளை, தலைக்கனம் ஆகிய நான்கும் ஒரே பெட்டியில் வந்து இறங்கின. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் குருக்கள்மடத்தில், மாமா வீட்டுக்குப் போன அன்றே வகுப்பைத் தொடங்கிவிட்டேன்.

"ராடார் வானத்துக்கு அலை அனுப்பும் மாமா. அது மழைத்துளியில பட்டுத் திரும்பி வரும். மழை எங்க நிக்கிது, எவ்வளவு எண்டு தெரியும். டொப்ளர் எண்டா இன்னும் ஒரு படி மேல. துளி ராடார் பக்கம் வருதா, விலகிப் போகுதா எண்டும் சொல்லும்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி சுளகைக் கீழே வைத்தார். "மாப்பிள்ள வீட்டாரப் பத்தியும் சொல்லுமாகா? உனக்கு வந்த ஆக்களெல்லாம் கிட்ட வாறாங்களா, எட்டப் போறாங்களா எண்டே விளங்கல்ல."

(இரண்டாமிடம் சும்மா கிடைப்பதில்லை.)

நான் அசரவில்லை. ஒரு ராடார் தன்னைச் சுற்றி ஒரு வட்டத்தைத்தான் பார்க்கும். பல வட்டங்களை ஒட்டினால் நாடு முழுவதும் தெரியும். வெள்ள எச்சரிக்கைக்கும் விமானத்துக்கும் கடலுக்குப் போகிறவர்களுக்கும் அதுதான் கண். அப்படி உலகத்து ராடார்களையெல்லாம் ஒட்டிய படம் என் கைப்பேசியில் இருந்தது.

மாமாவின் பிரச்சினை அவ்வளவு பெரிதல்ல. பெரும்போக வேளாண்மை வெட்டி, விற்கிறதை வயல் வட்டையிலேயே விற்றுவிட்டார். வீட்டில் கிடந்தது வருடத்துச் சாப்பாட்டு நெல்லும் அடுத்த போகத்துக்கான விதைநெல்லும். மெசின் வெட்டிய நெல், ஈரம். நல்ல வெயிலில் மெயின் ரோட்டில் காயப்போட வேண்டும். நனைந்தால் விதை போயிற்று. வானொலியோ கிழக்கில் "சில இடங்களில் மழை பெய்யலாம்" என்றது.

"சில இடம் எண்டா எந்த இடம் மாமா? பெய்யலாம் எண்டா பெய்யுமா, பெய்யாதா? இதெல்லாம் ஒரு அறிவிப்பா?" என்று வானொலியின் காதைத் திருகி நிறுத்தினேன். கைப்பேசியை நீட்டினேன். வாகரை முதல் கல்முனை வரை பால் வெள்ளை. "ஒரு பொட்டும் இல்ல. துணிஞ்சு போடுங்க."

மறுநாள் காலை ரோட்டின் ஒரு பக்கம் மாமாவின் நெல் விரிந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மாமா நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னார்: "மருமகள் ராடார்ல பாத்துச் சொல்லிட்டா." அதுவரை தயங்கி நின்ற அயலவர்களும் மூட்டைகளை இழுத்து வந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ரோடு மஞ்சளாகிவிட்டது. ஓர் ஊரே என் சொல்லுக்குக் கட்டுப்பட்ட அந்தக் காலைப் பொழுதை நான் மிகவும் அனுபவித்தேன்.

அப்போது பின்வீட்டு நேசக்கா வந்தார். மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் பந்தல் போட எங்கள் பெரிய படங்கு வேண்டுமாம். மழை வந்தால் நெல்லை மூட அந்த ஒரு படங்குதான் உண்டு. மாமி இழுத்தார்: "நெல்லு வெளிய கிடக்கு... மறுகா பாப்பமே."

"கொண்டு போங்கக்கா, இண்டைக்குத் தேவப்படாது" என்று படங்கை மடித்துக் கொடுத்ததோடு, மறுமுனையைத் தூக்கி அவர் வீடு வரை நடந்தும் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது கடற்கரைப் பக்கத் தென்னைகளுக்கு மேல் வானம் கறுத்திருந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். வெள்ளை.

"சும்மா மேகம் மாமா. மழை இல்லாத மேகம்."

முதல் துளி கைப்பேசித் திரையிலேயே விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வெள்ளை.

"படங்கு! படங்க எடுகா!" என்று மாமா கத்தினார்.

"நேசக்கா வீட்டுல..."

பிறகு அந்த ரோட்டில் நடந்ததை மழை என்று மட்டும் சொன்னால் போதாது. விளக்குமாறு, சாக்கு, கட்டில் விரிப்பு, மாமியின் கலியாணச் சேலை என எல்லாம் நெல்லின் மேல் விழுந்தன. ஊரே குனிந்து வாரிக்கொண்டிருந்தது. நான் மட்டும் நடுரோட்டில் படத்தைப் புதுப்பித்துக்கொண்டு நின்றேன். கல்முனை பஸ் வந்து நின்றது. சாரதி தலையை நீட்டினார்.

"தங்கச்சி, போனக் காட்டினா மழை போயிருமா? விளக்குமாத்தப் பிடி!"

பஸ் முழுக்கச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. "உன்ட போனுக்குள்ள வெயில்தானே புள்ள? அதுக்குள்ள கொண்டு போய்க் காயப்போடு!"

அன்று பின்னேரம் செயலியைக் குடைந்து பார்த்தேன். அது ஒட்டிய வட்டங்களில் ஒன்றுகூட எங்கள் வாவிக்கு மேல் விழவில்லை. ஆகக் கிட்டிய ராடாரும் கடலுக்கு அப்பால். அதன் வட்டம் எங்களுக்கு முன்னமே முடிந்துவிடுகிறது. அலை நேராகப் போகிறது, பூமி வளைகிறது, தூரம் போகப் போக அலை மழைக்கு மேலாகப் பறந்துவிடும். பயிற்சியின் முதல் பாடமே இதுதான். (அதில் எனக்கு முழுப் புள்ளி.) ஆனால் நிறம் தேர்ந்த அந்த மகான், மழை இல்லாத இடத்துக்கும் வெள்ளை பூசியிருந்தார், ராடாரே பார்க்காத இடத்துக்கும் அதே வெள்ளையைப் பூசியிருந்தார். 'இல்லை' என்பதும் 'தெரியாது' என்பதும் ஒன்றா? ஒரு சாம்பல் நிறம் அடிக்கக் கை வலித்ததா? ஒரு மாவட்டத்தையே காணாமல்விட்டு, அதை நல்ல வெயில் என்று காட்டுவது என்ன நியாயம்? 'பெய்யலாம்' என்ற வானொலி எவ்வளவு நேர்மையான சாமான்!

ஊறிய நெல் முளைக்கும் முன் அவித்தாக வேண்டும் என்றார் மாமி. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெரு முழுக்க அடுப்பில் கிடாரம் ஏறியது. பச்சை அரிசியாக வேண்டியதெல்லாம் புழுங்கலானது. விதைநெல்லும் அதோடு போனது. விதைக்காக மாமா முதல்முறையாக இன்னொருவர் வாசலில் போய் நின்றார். இதை மட்டும் அவர் இன்றுவரை பகிடியாகச் சொன்னதில்லை.

நான் செயலிக்காரருக்குப் பந்தி பந்தியாக எழுதினேன். பதில் வரவில்லை, ஆனால் ஒருநாள் படத்தில் எங்கள் பகுதி சாம்பலாகியிருந்தது. வெற்றியோடு மாமாவிடம் ஓடினேன்.

"இது என்ன சாம்பல்?"

"தெரியாது எண்டு அர்த்தம் மாமா."

"தெரியாது எண்டு சொல்றதுக்கா வெளிநாடு போய்ப் படிச்சிட்டு வந்த நீ?"

போன கிழமை சந்திக் கடையில் எனக்கு முன்னால் நின்ற, நான் முன்பின் கண்டிராத ஒரு பெண், "ரெண்டு கிலோ ராடார் தாங்க" என்றார். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் புழுங்கல் அரிசியை நிறுத்துக் கொடுத்தார்.

அரிசிக்குப் போன நான், பாண் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.