நான் பாஸ் போட்ட தண்ணீர்

தண்ணீரைச் சோதிப்பதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கையில் தண்ணீரின் உப்பை அளக்கும் பேனா மாதிரி ஒரு கருவியும் கிடைத்துவிட்டால் இருபத்தைந்து வயதில் அப்படித்தான் தோன்றும். அதனால் எனக்கு நேர்ந்தது வெறும் அவமானம். வேறொருவருக்கு நேர்ந்தது அதைவிடப் பெரிது. ஆகவே சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன், கடைசிவரை சிரிப்பேன் என்று உறுதி சொல்ல முடியாது.

ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. கிராமத்து, குப்பத்து நூலகங்களில் உட்கார்ந்து, அங்கங்கே இருக்கும் மக்களுக்குத் தண்ணீரின் அறிவியலைச் சொல்லித்தர வேண்டும். ராயபுரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த என் அப்பா தெற்கத்தி நாசரேத்துக்காரர். "தண்ணியப் பத்திச் சொல்லிக்குடுக்க என்னட்டி இருக்கு? வருதா, வரலையா, அவ்வளவுதான?" என்றார். (அப்பா பத்தாவது. நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன்.)

எனக்குக் கிடைத்தது எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தின் கிளை நூலகம். குப்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் போய்வர ஆசை இருக்கிறது. சந்துக்குச் சந்து அடிபம்பு உண்டு. அந்தத் தண்ணீர் உப்பு. துணி துவைக்க, பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை லாரி வரும். என் வேலை, அடிபம்புத் தண்ணீரை மக்கள் முன்னாலேயே சோதித்து, அது எவ்வளவு மோசம் என்பதை எழுதிக் கொடுப்பது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர்கள் குழாய் இணைப்பு கேட்கலாம் என்பது திட்டம்.

முதல் இரண்டு வாரம் ஒருவரும் வரவில்லை. தினம் பேப்பர் படிக்க வரும் நாலு பெரியவர்கள் மட்டும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து என் நிலத்தடி நீர் விளக்கத்தைக் கேட்டார்கள். அதிலும் இருவர் தூங்கினார்கள்.

மூன்றாவது வாரம் தேசம்மா வந்தார். விடியற்காலை காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. வெறும் கூடையை வாசலில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, தெனிக்கும் ஒண்டியா பேசிக்கினு கீற?"

விஷயத்தைச் சொன்னேன். "ஆளுங்கள நான் இட்டாரேன், நீ ஏன் பேஜாராவற?" என்றார்.

அவர் அழைத்து வருவதாகச் சொன்னதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானில்லையே! கூட்டம் சேர்க்க ஒரு யோசனை செய்தேன். 'உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு ஒரு பரீட்சை! பாஸாகும் வீட்டுக்குச் சான்றிதழ்!' என்று எழுதி நூலக வாசலில் ஒட்டினேன். சோதனை செய்பவரே அடிபம்புக்குப் போய், கொஞ்ச நேரம் அடித்து விட்டுப் பிறகு பிடிக்க வேண்டும் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் அது மே மாதம். எனக்கு வெயில் ஆகாது. ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரை எடுத்து வரச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை முப்பது பெண்கள் வந்தார்கள். தலையில் பூ, நல்ல புடவை. பாட்டில்களைப் பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஒருவர் எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்து மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தார். கருவியை ஒவ்வொன்றிலும் விட்டேன். முப்பதிலும் கிட்டத்தட்ட ஒரே எண், அதுவும் மிகக் குறைவான எண். வேதியியல் படித்த எவருக்கும் சந்தேகம் வரவேண்டிய இடம். எனக்குப் பெருமைதான் வந்தது. ஒரு பாட்டிலில் மட்டும் தண்ணீர் லேசாக மஞ்சளாக இருந்தது. 'இரும்புச் சத்து' என்று எழுதினேன். (சீரகம் போட்டுக் காய்ச்சியிருந்தார்களாம்.)

"எங்க வூட்டுது பாசா பாப்பா?" என்று தேசம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பாஸ்மா! எல்லாருமே பாஸ்!"

நூலகமே கைதட்டியது. தூங்கிக்கொண்டிருந்த பெரியவர்களும் எழுந்து தட்டினார்கள். பச்சை அட்டையில் 'தரமான நீர்' என்று அச்சடித்து, கீழே என் கையெழுத்தைப் போட்டு, முப்பது வீட்டுக்கும் கொடுத்தேன். எல்லாரும் வாசல் கதவுக்கு மேலே மாட்டிக்கொண்டார்கள். நான் 'அடிபம்பு நீர்' என்று தலைப்பிட்ட அறிக்கையை மேலே அனுப்பிவிட்டு அடுத்த நூலகத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து, விட்டுப்போன புகைப்படங்களை எடுக்கத் திரும்பி வந்தேன். நூலகர் என்னை நேராகப் பார்க்காமல் பேசினார்.

"லாரிய நிப்பாட்டிட்டாங்க மேடம். வாட்டர் போர்டு ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வந்து பாத்தாங்க. பம்புத் தண்ணியே நல்லா கீதுன்னு கதவுக்குக் கதவு எழுதி மாட்டிக்கீது, லாரி எதுக்குன்னு போய்ட்டாங்க."

தேசம்மா வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் படுத்திருந்தார். லாரி நின்ற பிறகு, கன்டெய்னர் வண்டிகள் போகும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் எடுத்து வந்திருக்கிறார்கள். பத்து நாளைக்கு முன், இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக ரோட்டு நடுவிலிருந்த தடுப்புச் சுவரைத் தாண்டும்போது விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் மருமகளிடம், "ஏ சொர்ணா, பாப்பாக்குத் தண்ணி குடு" என்றார். சொர்ணா ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றினாள். கண்ணாடி மாதிரி தண்ணீர். குடிக்க வாயருகே கொண்டுபோனபோதுதான் எனக்குப் புரிந்தது.

"அன்னிக்கு நூலகத்துக்கு இந்தக் கேன் தண்ணியா கொண்டுவந்தீங்க?"

"பின்ன? வந்தவங்களுக்குனு வாங்கி வெச்சிருக்கறது இதான். தெருல எல்லார் வூட்லயும் இதான் கொணாந்தாங்க. அந்தக் கலீஜ் தண்ணிய உன் முன்னாடி எப்டி வெக்கிறது? நீயே பரீட்சைன்ற. பெயிலாவறதுக்கா பூ வெச்சிக்கினு வந்தோம்?" என்றார் தேசம்மா.

மூலையில் அவர்கள் குடிக்கிற குடம் இருந்தது. பக்கத்து வீடுகளில் எடுத்துவர ஆள் இருந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர், இல்லையென்றால் அடிபம்புத் தண்ணீர். அன்றைக்கு அடிபம்பு. பையிலிருந்து கருவியை எடுத்து அதில் விட்டேன். எண் ஏறிக்கொண்டே போனது.

தேசம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். "அது பெயிலா பாப்பா?"

"பெயில்மா."

"அப்ப அந்தப் பச்ச அட்டைய எடுத்துக்கினு பெயில்னு ஒண்ணு எழுதிக் குடேன். லாரி வருமில்ல?"

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த வீட்டில் உட்கார்ந்து அழுதேன். படுத்திருந்தவர்தான் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் அதே வெயிலில் முப்பது வீட்டுக்கான அடிபம்புத் தண்ணீரையும் நானே அடித்துப் பிடித்தேன். புது அறிக்கையோடு வாட்டர் போர்டு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

"இதுல?"

"அதுவும் என்னுதுதான் சார்."

"அப்ப எதும்மா பொய்?"

முதல் அறிக்கை என் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். என் ஒப்பந்தத்தை அதற்கப்புறம் நீட்டிக்கவில்லை. லாரி திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று. தேசம்மா கம்பி நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வரும் அளவுக்குத் தேறினார். அதற்கு மேல் தேறவில்லை. மீன் கூடை சொர்ணாவின் தலைக்குப் போயிற்று.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. புகுந்த வீட்டில் இந்தக் கதையைச் சொன்னேன். வெயில், சீரகம், 'எது பொய்' வரைக்கும். பிரமாதமாக எடுபட்டது. அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்கு இதுதான் பெயர். "எங்க மதினி கையெழுத்துப் போட்டா ஓடுற லாரியும் நின்னுரும்" என்று கொழுந்தனார் எல்லாரிடமும் அறிமுகப்படுத்துவார். மகளின் மதிப்பெண் அட்டையில்கூட அவள் அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். தேசம்மா விழுந்ததை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் அப்புறம் எப்படிச் சிரிப்பது?

போன கிறிஸ்துமஸ் விருந்தில் கொழுந்தனார் மறுபடியும் ஆரம்பித்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஊரிலேயே இருந்துகொண்டு எப்போதாவது வரும் என் மாமியார் அன்றுதான் இதை முதல்முறை கேட்டார். எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அது சரி. லாரி நின்னப்ப அந்தப் பொம்பளைய எல்லாரும் தண்ணிக்கு எங்க போனாவ?"

கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனாங்க அத்தை. ஒருத்தங்க விழுந்துட்டாங்க" என்றேன்.

"எந்திரிச்சாளா?"

"வாசல்வரைதான் அத்தை."

அவர் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தனார் இன்னமும் அந்தக் கதையைச் சொல்கிறார். அத்தை ஊரிலிருந்து வந்திருக்கும்போது மட்டும் சொல்வதில்லை.